ஓட எல்லோரும் வருகிறார்கள், வசூல்தான் நகரவில்லை – மூன்று வாரம் இருக்கிறது, என்ன செய்யலாம்?

காட்பாடி_ஜங்ஷன்:
எல்லோருக்கும் வணக்கம். டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு மூன்று தடவை வேலூருக்கு வந்துபோகிறவர்களுக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுக்கிற சின்ன அறக்கட்டளை எங்களுடையது. அதற்காக 10 கிலோமீட்டர் ஓட்டம் வைத்திருக்கிறோம். 42 பேர் பெயர் கொடுத்தார்கள், ஆளுக்கு 10,000 ரூபாய் திரட்டித் தருவதாகப் பேச்சு. இன்றைய நிலவரம்: 13 பேர் முடித்துவிட்டார்கள், 12 பேர் பாதி வழியில், மீதி 17 பேர் பூஜ்யம். ஞாயிறுதோறும் வாட்ஸ்அப் குழுவில் யார் எவ்வளவு என்று பட்டியல் போடுகிறேன், முடித்தவர் பச்சை, தொடங்காதவர் சிவப்பு. போன வாரம் இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டே போய்விட்டார்கள். நச்சரிக்காமல் எப்படி வேகப்படுத்துவது? இதை நடத்தி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை_வாசல்:
தம்பி, முதலில் அந்தப் பட்டியலை நிறுத்துங்கள். இரண்டு வருடம் இந்த வேலையைச் செய்தவள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். பூஜ்யத்தில் நிற்கிறவர்கள் சோம்பேறிகள் கிடையாது, சோம்பேறியாக இருந்தால் விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை அகழியைச் சுற்றி ஓட வருவார்களா? அவர்களுக்குக் காசு கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் குழுவில் ஒரு பெண் பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாள், வசூலில் மட்டும் ஒரு ரூபாய் ஏறவில்லை. ஒரு நாள் ஓட்டம் முடிந்து டீக்கடையில் உட்காரவைத்து, "உன் வீட்டு மொய் நோட்டை நினைத்துப் பார், கடைசி இரண்டு வருடத்தில் யார் யார் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் மொய் வைத்தீர்கள்?" என்று கேட்டேன். பத்துப் பெயர் சொன்னாள். டீ ஆறுவதற்குள் அதில் மூன்று பேருக்கு அங்கேயே செய்தி அனுப்பவைத்தேன். அன்று மாலையே 1,500 வந்தது, அதற்கப்புறம் நான் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் செய்திதான் மலை.

இன்னொன்று, அவரவர் கையிலிருந்து முதலில் 200 ரூபாயாவது போடச் சொல்லுங்கள். பூஜ்யமாக இருக்கிற உண்டியலில் யாரும் முதலில் போடமாட்டார்கள், கோவில் வாசலில் தட்டு வைத்திருப்பவர்கள்கூட நாலு சில்லறையைத் தாங்களே போட்டுத்தான் வைப்பார்கள். குழுவில் பொதுவாக எழுதாமல் அந்த 17 பேருக்கும் தனித்தனியாகப் போன் போடுங்கள். செய்தி வந்தால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம், போனில் அது முடியாது.

ஆம்பூர்_ஓட்டம்:
அண்ணா, நானும் இதே மாதிரி ஒரு ஓட்டத்தில் சிவப்பில் இருந்தவன். ஷூ கம்பெனியில் வேலை, எங்களுக்குச் சம்பளம் 7ஆம் தேதிக்குத்தான் வரும், என் கூட வேலை செய்பவர்களிடம் 25ஆம் தேதி போய்க் கேட்டால் யார் தருவார்கள்? அதைச் சொல்லவும் வெட்கம், பட்டியலில் பெயர் பார்க்கவும் வெட்கம். நீங்கள் சொல்லும் மூன்று வாரத்துக்குள் ஒரு சம்பளத் தேதி வந்தால் அதற்கு மறுநாளைக் குறித்துவைத்து அன்றைக்குக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், 10,000 என்றதும் எனக்குத் தலை சுற்றியது. கிலோமீட்டருக்கு 1,000, அதை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 500, மொத்தம் இருபது பேர் என்று ஒரு அக்கா கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் மூச்சு வந்தது. ஏழாவது கிலோமீட்டர் எங்கள் லைன் சூப்பர்வைசருடையது, அந்த இடம் வந்ததும் அவரை நினைத்துத் திட்டிக்கொண்டே ஓடினேன் :)

கணக்குப்பிள்ளை:
வசூல் அவசரத்தில் கணக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் ஓடுகிறவரின் ஜிபேக்கு வந்து அவர் மொத்தமாக உங்களுக்கு மாற்றினால் ரசீது அவர் பெயரில்தான் போகும், கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு க்யூஆரையே 42 பேருக்கும் கொடுத்து, யார் மூலம் வந்தது என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பான் எண்ணையும் அப்போதே வாங்கிவிடுங்கள், பிறகு துரத்த முடியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை, அதனால் "வரி மிச்சமாகும்" என்று எல்லோரிடமும் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். துபாயில் இருக்கும் மாமா இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா பணம் வெளிநாட்டு நன்கொடை, அதை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு இல்லாமல் தொடவே கூடாது.

வெயில்_மட்டும்_உண்டு:
எனக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. ஓடுவது என் உடம்புக்கு, அதைக் காட்டி ஊரில் கை நீட்டுவதா? நானே ஆயிரம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டுப் போகிறேனே.

கோட்டை_வாசல்:
தாராளமாகக் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் கேட்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். நம் ஊரில் ஆரணி ரோட்டில் இருக்கிற ஷெல் ஆஸ்பத்திரி எப்படி வந்தது? சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் இடா ஸ்கடர் அம்மா அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, நியூயார்க்கில் ஷெல் என்கிற வங்கிக்காரர் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அந்த அம்மா கூச்சப்பட்டிருந்தால்?

வெயில்_மட்டும்_உண்டு:
ஷெல் மாதிரி ஒருத்தரைக் காட்டுங்கள், நானும் கேட்கிறேன். என் சொந்தக்காரர்கள் நூறு ரூபாய்க்கு நூறு கேள்வி கேட்பார்கள்.

கோட்டை_வாசல்:
அந்த நூறு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள், அதில்தான் டயாலிசிஸ் என்றால் என்னவென்று நாலு பேருக்குத் தெரியவரும்.

காட்பாடி_ஜங்ஷன்:
எல்லோருக்கும் நன்றி. பட்டியலை எடுத்துவிட்டேன். குழுவை விட்டுப் போன இருவரில் ஒருவருக்குப் போன் போட்டேன், சிவப்பில் பெயர் வந்ததை அவர் மாமனார் பார்த்துவிட்டாராம், அதே குழுவில் அவரும் இருக்கிறார், எனக்கு இது தெரியவே தெரியாது. மன்னிப்புக் கேட்டேன், ஞாயிறு பயிற்சிக்கு வருகிறேன் என்றார். பத்தாயிரம் எட்டாவிட்டாலும் ஓடத் தடை இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிடப் போகிறேன், இதற்கு எங்கள் பொருளாளர் முகத்தைச் சுளிப்பார், பார்த்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை சார், க்யூஆர் விஷயத்தில் ஏற்கெனவே ஆறு பேர் சொந்தக் கணக்கில் வாங்கிவிட்டார்கள், அதை எப்படிச் சரி செய்வது என்று தனிச் செய்தியில் கேட்கிறேன்.