ஐஸ்லாந்தில் குளிர்காலத்தில் தாமாகவே கார் ஓட்டிப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெடுவழி:

நானும் என் கல்லூரித் தோழியும் பிப்ரவரி முதல் வாரத்தில் போனோம். தலைநகர் ரேக்யவிக்கில் வண்டி எடுத்து, தெற்குக் கடற்கரையோரமாகவே ஹோஃப்ன் என்ற ஊர் வரை போய், அதே வழியில் திரும்பினோம். மொத்தம் எட்டு நாள்.

நாட்டைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,300 கி.மீ. அதை முழுசாகச் சுற்றிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வடக்கே கணவாய் மூடினால் இரண்டு நாள் அப்படியே போய்விடும், பிறகு விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் ஓட்டக்கூடாத நேரத்தில் ஓட்டுவோம் என்றாள். கிளம்பும் முன்பே இன்னொன்றும் பேசிக்கொண்டோம். இருவரில் யார் "வேண்டாம்" என்றாலும் வண்டி நகராது. காரணம் கேட்கக்கூடாது, கெஞ்சக்கூடாது.

எல்லோரும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைப் பயமுறுத்தியது காற்று. 2010-ல் வெடித்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விமானங்களை நிறுத்திவைத்த ஏயாஃபியாட்லயோகுல் எரிமலையின் அடிவாரத்தில்தான் சாலை போகிறது. மலை இடுக்கிலிருந்து காற்று திடீரென்று வந்து அறையும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. சாலையோர மின்பலகைகளில் காற்றின் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். நம் கணக்குக்குப் புரிய 3.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 20 என்றால் மணிக்கு 72 கி.மீ.

ஸ்கோகாஃபோஸ் அருவியில் வண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டேன். அவள் கதவைத் திறந்த அதே நொடியில் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கம் வரை மடக்கிவிட்டது. கீல் வளைந்து, மூடினால் ஒரு விரல் இடைவெளி. ஹோஃப்ன் போய்த் திரும்பும் வரை அந்த இடுக்கில் அவளுடைய கம்பளித் துண்டைத் திணித்துவைத்திருந்தோம். அப்படியும் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. எல்லாக் காப்பீடும் எடுத்திருந்தோம். காற்றால் கதவுக்கு வரும் சேதம் எதிலும் சேராது என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். தயவுசெய்து வண்டியின் முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்து நிறுத்துங்கள். கதவை ஒரு கையால் திறந்து மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறங்கி மூடிய பிறகுதான் அடுத்தவர் திறக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வீக் ஊரில் இருந்தோம். காலையில் சாலை வரைபடத்தைத் திறந்தால் கிழக்கே முழுக்கச் சிவப்பு, மூடியாயிற்று. மதியம் ஒரு மணிக்குத் திறந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பனிக்குகைக்கு முன்பதிவு செய்திருந்தோம், அது அங்கிருந்து 190 கி.மீ. நான் சாவியை எடுத்துவிட்டேன். அவள் ஊர் எல்லை மின்பலகையின் படத்தைக் காட்டினாள். காற்றின் வீச்சு 31. "இல்லடி, இன்னிக்கு வேணாம்." எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் குகைக்காகவே பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பேசிக்கொண்டது ஞாபகம் வந்து சாவியை மேசையில் வைத்தேன், ஆனால் சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை.

இரவு எட்டு மணிக்கு, எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போன ஒரு தம்பதி விடுதிக்குத் திரும்பி வந்தார்கள், வண்டி இல்லாமல். வெட்டவெளியில் காற்று வண்டியைச் சாலையை விட்டே தள்ளியிருக்கிறது. 112-க்கு அழைத்து, தன்னார்வ மீட்புக் குழுவினர் போய்க் கூட்டி வந்தார்களாம். அந்தக் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது, தங்கள் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தவர்கள். அந்தப் பெண்ணின் கை தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. நான் எழுந்து போய்த் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காற்று செத்துக் கிடந்தது. ஸ்காஃப்டாஃபெல் அருகே 1996 வெள்ளம் முறுக்கிப் போட்ட பாலத்தின் இரும்புத் தூலங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வாட்னயோகுல் பனிப்பாளத்தின் அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் மொத்தமாக வந்திருக்கிறது. யோகுல்சார்லோன் ஏரியின் பனிப்பாறைகளைப் பற்றிப் படங்களே பேசும், நான் எழுதவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்பால் நடந்தது. ஹோஃப்ன் போகும் வழியில், அந்தி மங்கும் நேரம். "மெதுவா, மெதுவா, வலது பக்கம் ஏதோ அசையுது" என்றாள். கலைமான்கள், நாற்பதுக்குக் குறையாது. 18-ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து கொண்டுவந்தவை, கிழக்குப் பகுதியில் மட்டும்தான் நிலைத்தன. குளிர்காலத்தில் மேய்ச்சலுக்காகக் கடலோரம் இறங்கிவிடும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினோம். குளம்பு படும் ஓசையோடு 'டிக், டிக்' என்று இன்னொரு சத்தமும் கேட்டது. நடக்கும்போது அவற்றின் கால் தசைநார் எலும்பில் உரசி எழும் சத்தம் அது. நாற்பதும் சேர்ந்து நடக்க, மழை தூற ஆரம்பித்த மாதிரி இருந்தது. கொம்போடு இருந்தவற்றில் பெரும்பாலும் பெண்மான்கள். வளர்ந்த ஆண்கள் அதற்குள் கொம்பை உதிர்த்துவிடும். ஒன்று சாலை நடுவில் நின்று எங்களைப் பார்த்தது, மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு. பனிக்குகை கிடைக்காமல் போனதை அதற்குப் பிறகு நான் நினைக்கவே இல்லை.

கரையோரம்:

எங்களுக்கு ரேய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் போனது எச்சரிக்கை விளக்கு வைப்பதற்கு முன்பு. கடல் அமைதியாகத்தான் இருந்தது. பத்துப் பதினைந்து அலை சும்மா வந்து போயின. அடுத்தது நாங்கள் நின்ற இடத்தையும் தாண்டி ஏறியது. என் நண்பன் என் மேல்சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்ததால் முழங்கால் நனைந்ததோடு போயிற்று. திரும்பி ஓடும் தண்ணீர் காலடிச் சரளையைச் சேர்த்து அரித்துக்கொண்டு போகும், நிற்கவே முடியாது. அந்தக் கரையில் பலர் இறந்திருக்கிறார்கள். இப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் மேலேயே நின்று பாருங்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

புதுப்பயணி:

டிசம்பரில் போகலாமா? எங்களில் ஒருவருக்குத்தான் ஓட்டத் தெரியும். சமாளிக்க முடியுமா?

நெடுவழி:

டிசம்பர் கடைசியில் பகல் நாலு மணி நேரம்தான். பிப்ரவரி, மார்ச் பாருங்கள். ஆணி பதித்த டயர் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

ஒருவர் ஓட்டினாலும் மற்றவர் தூங்கக்கூடாது. திரும்பி வரும்போது காற்று தரையிலிருக்கும் பனியைக் கிளப்பிவிட, முன்னால் எல்லாம் வெள்ளை. சாலை எது, வயல் எது என்றே தெரியவில்லை. சாலையோரம் வரிசையாக மஞ்சள் குச்சி நட்டிருப்பார்கள். நான் பின்னால் வரும் விளக்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ள, அவள் குச்சியை மட்டும் பார்த்தாள். "ஒண்ணு தெரியுது, போ. அடுத்தது தெரியுது, போ. இரு, இரு... ஆங், தெரியுது." நடுச்சாலையில் நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதிவிடுவார், அதனால் ஊர்ந்துகொண்டேதான் இருந்தோம். இருபது நிமிடம். ஒரு பெட்ரோல் நிலையத்தின் விளக்கு தெரிந்ததும் உள்ளே திருப்பினேன். எஞ்சினை அணைத்த பிறகும் அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "அடுத்தது எங்கடி?" என்றாள்.