புதுப்பிப்பு: பிரேசஸ் போட்டால் பல்லின் வேர் கரையுமா?

இந்தத் திரியில் முன்பு "கரைந்த வேர் திரும்ப வளராது" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அது பாதிதான் சரி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கமிருந்து கேள்விகள் வந்ததால் விரிவாக எழுதுகிறேன்.

பல் நகரும் பக்கத்தில், வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நார்த்திசு நசுங்குகிறது. அழுத்தம் மிகுந்தால் இரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துப்போகும். அதைத் துப்புரவு செய்ய வரும் செல்கள் பக்கத்திலிருக்கும் சிமென்டத்தையும் (வேரை மூடியிருக்கும் கெட்டியான மேல்படலம்) சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன. வேர்ப்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுவது இப்படித்தான்.

விசை நின்றதும் பக்கவாட்டுக் குழிகளில் புது சிமென்டம் படியும். வேர் நுனியில் கரைந்துபோன நீளம் மட்டும் திரும்பாது. திருத்தம் இதுதான்.

அதிகம் அடிவாங்குவது மேல் முன்பற்கள், அதிலும் அவற்றை எலும்புக்குள் அழுத்தி ஏற்றும்போது: முழு விசையும் ஊசிமுனை போன்ற நுனியில் குவிகிறது. அதனால்தான் அதற்கு 10–20 கிராம் விசையே போதும் என்பார்கள். "இன்னும் இறுக்குங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பது வேருக்கு நல்லதல்ல.

தொடங்கும் முன் ஒரு எக்ஸ்ரே, 6 முதல் 9 மாதத்தில் முன்பற்களுக்கு இன்னொன்று. தேய்மானம் தெரிந்தால் 2–3 மாதம் விசையில்லாமல் ஓய்வு. வேர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் சிகிச்சைத் திட்டத்தையே மாற்ற வேண்டும். வலியே இருக்காது, எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. வீட்டுக்கே வந்து மாட்டிவிடும் போலி பிரேசஸில் அதுவும் கிடையாது.