மறு: ‘ரிட்டர்ன் ஸ்ட்ரோக்’ – திரும்பு தாக்குதலா?

> மின்னல் அளவீட்டுக் கையேட்டில் ‘ரிட்டர்ன் ஸ்ட்ரோக்’ வருமிடமெல்லாம் ‘திரும்பு தாக்குதல்’ என்று போட்டுவிட்டேன். சரிதானே?

வணக்கம் ஐயா.

தாக்குதல் வேண்டாம், போர்ச் செய்தி படிப்பதுபோல் இருக்கிறது. மின்னல் வெட்டுகிறது என்றுதானே பிறந்ததிலிருந்து சொல்கிறோம்? ‘வெட்டு’ கையிலேயே இருக்கிறது. நேற்று மாலை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வீட்டு வராந்தாவிலிருந்து பார்த்தேன்: ஒரே கோடு, படபடவென்று துடித்துவிட்டு அணைந்தது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. எல்லாம் சேர்ந்து ஒரு மின்னல். தரைக்கு இறங்கும் மின்னலில் பெரும்பாலும் மூன்று, நான்கு வெட்டுகள், நடுவே சுமார் 50 மில்லிநொடி இடைவெளி. மின்னோட்டத்தின் உச்சத்தை வெட்டுக்குச் சொல்கிறோம். முதல் வெட்டுக்கு 30 கிலோ ஆம்பியர் அளவில் வரும். சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை என்பதையோ வழக்கமாக மின்னலுக்குச் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எண்ணிக்கை மூன்று மடங்கு பிசகும்.

‘திரும்பு’ என்பதிலும் எனக்குச் சங்கடம். மேகத்திலிருந்து மங்கலான முன்னோடிப் பொறி (‘லீடர்’) ஒன்று, படிக்கு ஏறத்தாழ 50 மீட்டராக, தயங்கித் தயங்கி இறங்குகிறது. தரையோடு இணைந்ததும் கண்ணைப் பறிக்கும் ஒளி அதே தடத்தில் கீழிருந்து மேலே பாய்கிறது, ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். இதுதான் ‘ரிட்டர்ன் ஸ்ட்ரோக்’. 1930களில் இயற்பியலாளர் ஷோன்லண்ட் குழுவினர், மின்னலின் நகர்வைப் பிரித்துப் பதியும் பாய்ஸ் கேமராவைக் கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே படமெடுத்துக் காட்டிய விஷயம்தான். மேலே போவது எப்படித் ‘திரும்புவது’ ஆகும்? ‘ஏறுவெட்டு’ என்று வைக்கலாமே.

----

> ‘ஏறுவெட்டு’ என்று வைக்கலாமே.

அக்கா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு பிரிக்ஸ்டன் கோபுரத்தை மறக்கலாமா? 237 மீட்டர். அதன் நுனியிலிருந்து முன்னோடியே மேல்நோக்கிக் கிளம்பும் மின்னல்கள் உண்டு. படிப்பவர் அதைத்தான் ஏறுவெட்டு என்று நினைப்பார். ‘எதிர்வெட்டு’ எப்படி?

----

கோபுரத்தை விட்டது என் பிழைதான் தம்பி. ‘எதிர்வெட்டு’ பிடித்திருக்கிறது, இறங்கி வந்த முன்னோடிக்கு எதிராகப் போவது என்று விளக்கமில்லாமலே புரிகிறது. ‘ஏறு’ என்பதை உங்கள் கோபுரத்துக்கே விட்டுவிடுகிறேன்: ‘ஏறுமுன்னோடி’.

ஐயா, ஒன்று மட்டும். அட்டவணைத் தலைப்புகளில் ‘முதல் வெட்டு’, ‘அடுத்த வெட்டு’ என்றே இருக்கட்டும். அங்கேயும் ‘எதிர்’ சேர்த்தால் கட்டத்துக்குள் அடங்காது.