பீஸ் ரேட் டெய்லருக்கு கிராஜுவிட்டி கிடையாதா? 2012-லிருந்து ஒரே கம்பெனியில் தைத்திருக்கிறேன்

மல்லிகா, திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். ஓவர்லாக், ஃபிளாட்லாக் இரண்டும் ஓட்டுவேன். 2012 ஜூனில் சேர்ந்து, 2024 மார்ச் கடைசியில் நின்றுவிட்டேன். இடுப்பு வலி தாங்க முடியவில்லை, இனிமேல் மெஷினில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானாகத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், யாரும் விரட்டவில்லை.

கணக்கு முடிக்கப் போனபோது அந்த வாரக் கூலியை மட்டும் கொடுத்தார்கள். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தருகிற பணிக்கொடை) என்று கேட்டேன். "அதெல்லாம் மாசச் சம்பளக்காரங்களுக்கும்மா. உனக்குப் பீஸ் ரேட்டு. பீஸுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டே, அதோட முடிஞ்சுது" என்றார் மேனேஜர். எனக்குப் பதில் பேசத் தெரியவில்லை, வந்துவிட்டேன். அப்புறம் எங்கள் லைனில் இருந்த இன்னொரு அக்கா தைரியம் சொல்லி, திரும்பவும் போனேன்.

இந்தத் தடவை வேறு காரணம் சொன்னார்கள். 2018-ல் முதலாளி வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் யூனிட் தம்பி பங்குக்கு வந்தது. போர்டு மாறியது, கம்பெனி பெயர் மாறியது. நான் உட்கார்ந்த மெஷின் மாறவில்லை, சூப்பர்வைசர் மாறவில்லை, ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. ஆனாலும் பழைய கணக்கு பழைய கம்பெனியோடு போச்சாம். சரி, 2018-க்கு அப்புறமாவது கொடுங்கள் என்றால், 2020 லாக்டவுனில் கம்பெனி பூட்டியிருந்ததால் சர்வீஸ் அறுந்துவிட்டது, அதற்குப் பிறகு எண்ணினால் கிராஜுவிட்டிக்கு வேண்டிய ஐந்து வருஷமே உனக்கு ஆகவில்லை என்கிறார்கள்.

கடைசியாக ஒரு கட்டு வவுச்சரை எடுத்து மேஜையில் போட்டார்கள். வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் எங்களை வரிசையில் நிற்க வைத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கவரும் ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பார்கள். அதில் 'போனஸ், லீவு சம்பளம், கிராஜுவிட்டி உட்பட அனைத்தும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கிறது. மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்து போடுகிற கையெழுத்து அது. பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது யார் நின்று படிக்க முடியும்?

இப்போது இருபதாயிரம் தருகிறோம், இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று எழுதிக் கொடு என்கிறார்கள். என்னிடம் பி.எஃப். பாஸ்புக் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. தினமும் எந்த ஸ்டைல், எத்தனை பண்டல், பீஸுக்கு என்ன ரேட் என்று நானே எழுதி வைத்த நோட்டுகளும் இருக்கின்றன. எனக்குத் தயவு வேண்டாம். சட்டப்படி எவ்வளவு வரும், அதை எங்கே போய்க் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தில், அவிநாசி:

அக்கா, நானும் பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கு பார்ப்பவன்தான். நடப்பதைச் சொல்கிறேன். பீஸ் ரேட்டுக்கு இங்கே பெரும்பாலும் யாரும் கிராஜுவிட்டி கொடுப்பதில்லை. கேஸ் என்று போனால் இழுத்தடிப்பார்கள், உங்களுக்கு உடம்பும் சரியில்லை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்பதுதான் என் யோசனை.

சுந்தரம், கோவை:

செந்தில் தம்பி, நடப்பது என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் ஒவ்வொருவரும் பத்தையும் இருபதையும் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பதால்தான் அது நடக்கிறது. மல்லிகா அம்மா, தயவுசெய்து எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பஞ்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சங்கத்தில் தொழிலாளிகளுக்கு கிராஜுவிட்டி மனு எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. நீங்கள் சொன்ன நாலு காரணத்தையும் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதலில் பீஸ் ரேட். 1972-ஆம் வருஷத்து பணிக்கொடைச் சட்டத்தின் (2025 நவம்பரில் வேறு சட்டம் வரும்வரை, நீங்கள் நின்ற 2024-லும், இதுதான் நடப்பில் இருந்தது) 4-ஆம் பிரிவிலேயே பீஸ் ரேட் தொழிலாளிக்கு எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறது. கிடையாது என்றால் எதற்காகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள்? வேலையை விடுவதற்கு முந்தின மூன்று மாதத்தில் நீங்கள் வாங்கின மொத்தக் கூலியை எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அரை ஷிப்ட் சேர்த்துத் தைத்திருந்தால் அந்த ஓவர்டைம் கூலியைக் கழித்துவிட வேண்டும். மீதியை வேலை செய்த நாட்களால் வகுத்தால் உங்கள் சராசரி நாள் கூலி வரும். அதைப் போல 15 மடங்கு ஒரு வருஷத்துக்கு. (மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் 26-ஆல் வகுக்கிற கணக்கு. ஆபீஸில் இரண்டையும் குழப்புவார்கள், கவனமாக இருங்கள்.)

உதாரணத்துக்கு, கடைசி மூன்று மாதத்தில் 78 நாள் வேலை செய்து ஓவர்டைம் போக 42,900 ரூபாய் வாங்கியிருந்தால் நாள் கூலி 550. வருஷத்துக்கு 8,250. உங்கள் சர்வீஸ் 11 வருஷம் 9 மாதம், ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருஷமாக எடுக்க வேண்டும் என்பதால் 12. ஆக 99,000 ரூபாய். அவர்கள் தருகிறேன் என்பது இதில் கால் பங்குகூட இல்லை. உங்கள் நோட்டில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பக்கங்களைப் பார்த்து உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அந்த நோட்டு தங்கம், பத்திரமாக வையுங்கள்.

கம்பெனி பெயர் மாறின விஷயம். ஒரே இடம், ஒரே மெஷின், இடையில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை என்றால் சர்வீஸ் தொடர்கிறது என்பதுதான் நம் வாதம். பி.எஃப். பாஸ்புக்கில் பாருங்கள். ஒரே யு.ஏ.என். (ஆளுக்கு ஒன்றான பி.எஃப். எண்) எண்ணுக்குள் கம்பெனிக்கு ஒன்றாக இரண்டு மெம்பர் ஐ.டி. இருக்கும். பழையதில் விலகிய தேதியும் புதியதில் சேர்ந்த தேதியும் அடுத்தடுத்து இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சரி, பழைய கணக்கு பழைய கம்பெனியோடு முடிந்தது என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2012 முதல் 2018 வரை ஐந்து வருஷம் தாண்டிவிட்டதே! அப்படியானால் அன்றைக்கே பழைய கம்பெனி உங்களுக்கு கிராஜுவிட்டி கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா? எந்தப் பக்கம் பேசினாலும் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் மனுவில் அண்ணன் கம்பெனி, தம்பி கம்பெனி இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரைக் கைகாட்டி ஒருவர் தப்பிக்க விடக்கூடாது.

லாக்டவுன் காரணத்தைக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்த மாதங்களில் கூலியில்லாமல் ரேஷன் அரிசியில் ஓட்டியவர்கள் தொழிலாளிகள். அதையே அவர்களுக்கு எதிராகத் திருப்புகிறார்கள். சட்டத்தின் 2-ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது: உடம்பு சரியில்லாமல் போனாலும், விபத்தானாலும், லே-ஆஃப் (வேலையில்லை என்று தற்காலிகமாக நிறுத்துவது), கதவடைப்பு என்றாலும், தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோனாலும் சர்வீஸ் அறுபடாது. அரசாங்கமே ஊரை மூடச் சொன்னதில் உங்கள் தவறு என்ன இருக்கிறது? ஆர்டர் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பின நாட்களுக்கும் இதேதான்.

வவுச்சரைக் கண்டு பயப்பட வேண்டாம். கிராஜுவிட்டி என்பது வேலையை விடும்போது வருகிற பணம், வருஷா வருஷம் பைசல் பண்ணுகிற பணம் இல்லை. இந்தச் சட்டத்துக்கு மாறாக எந்த ஒப்பந்தம், எந்தக் காகிதம் இருந்தாலும் சட்டம்தான் மேலே நிற்கும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. தீபாவளிக் கவரில் வந்தது போனஸ். அதற்கு அப்போது 1965-ஆம் வருஷத்து வேறு சட்டம் இருந்தது, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். ஒரே கவரை இரண்டு சட்டத்துக்கும் கணக்குக் காட்ட முடியாது.

இனி செய்ய வேண்டியது. 'ஐ' (I) என்கிற படிவத்தில் கிராஜுவிட்டி கேட்டு இரண்டு கம்பெனி முகவரிக்கும், சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் போட்டுக் கொடுக்க மாட்டார்கள், தபால்தான் நல்லது. பதினைந்து நாளில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் 'என்' (N) படிவத்தில் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு போடலாம். 90 நாளுக்குள் போட வேண்டும் என்று விதி. நீங்கள் மார்ச்சில் நின்றதால் நாள் கடந்துவிட்டது என்று கிளப்புவார்கள். உடம்பு சரியில்லாமல் இருந்தது, தருகிறோம் தருகிறோம் என்று அலைய விட்டது, இரண்டையும் எழுதி டாக்டர் சீட்டை இணைத்து, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு சேர்த்துக் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் அதிகாரி ஏற்கலாம்.

செந்தில் தம்பி சொன்ன இழுத்தடிப்புக்கும் சட்டத்தில் விலை இருக்கிறது. நீங்கள் நின்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி. உத்தரவு வந்தபின் அப்பீல் போக நினைத்தால் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் கலெக்டர் மூலமாக நில வருவாய் பாக்கி வசூலிப்பது போல வசூலிக்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. வேண்டுமென்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் எண் 15100.

1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். அந்த ஊரில் ஒரு டெய்லரம்மா இருபதாயிரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரியா, கோவை:

சுந்தரம் ஐயா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஒரு துணிக்கடையில் நாலு வருஷம் ஒன்பது மாதம் வேலை பார்த்தேன். கடைசி வருஷத்தில் பிரசவ லீவு எடுத்தேன். ஐந்து வருஷம் முடியவில்லை, அதிலும் பாதி லீவு என்று கிராஜுவிட்டி இல்லை என்கிறார்கள். எங்கள் கடையில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

சுந்தரம், கோவை:

பிரியா, பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் உங்கள் கடைக்குச் சட்டம் பொருந்தும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருஷம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறோம். பிரசவ லீவும் அந்த 240 நாளுக்குள் சேரும், 26 வாரம் வரை. ஒன்பது மாதத்தில் நீங்கள் வேலை பார்த்த நாளையும் பிரசவ லீவையும் கூட்டிப் பாருங்கள். வாரத்தில் ஆறு நாளுக்கும் குறைவாகத் திறக்கிற இடமாக இருந்தால் 190 நாளே போதும், ஆனால் துணிக்கடைக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். உங்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மல்லிகா, திருப்பூர்:

ஐயா, ரொம்ப நன்றி. நோட்டைப் பார்த்தேன், என் நாள் கூலி நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே வருகிறது. பி.எஃப். தேதியும் அடுத்தடுத்துதான் இருக்கிறது. ஒரே ஒரு பயம். என் தங்கச்சி மகள் இன்னும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். நான் மனு போட்டால் அவளை நிறுத்திவிடுவார்களோ என்று அவள் அம்மா அழுகிறாள். என்னோடு நின்ற இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

சுந்தரம், கோவை:

பாப்பாவை இதில் எங்கேயும் இழுக்காதீர்கள். சாட்சியாகக்கூடப் பெயர் கொடுக்க வேண்டாம், உங்களுக்குக் காகிதமே போதும். அவளுடைய ஈ.எஸ்.ஐ. அட்டை நகலையும் பி.எஃப். பாஸ்புக் பிரதியையும் இன்றைக்கே எடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மனுவைக் காட்டி அவளை நிறுத்தினால் அது தனி வழக்கு. அதை அவள் தனி ஆளாகவே எழுப்பலாம், நாங்கள் கூட நிற்போம். அவள் அம்மாவிடம் இதை நான் போனில் பேசவும் தயார்.

மற்ற இரண்டு பேரும் தாராளமாக வரட்டும். ஆனால் மூன்று பேருக்கும் தனித்தனி மனு, தனித்தனி கணக்கு. சேர்ந்த தேதி, கூலி எல்லாம் வேறு வேறாக இருக்கும், ஒரே காகிதத்தில் எழுதினால் ஒருவர் கணக்கில் வருகிற பிழை மற்ற இருவரையும் இழுத்துவிடும். விசாரணையை ஒரே நாளில் வைக்கச் சொல்லி அதிகாரியிடம் கேட்கலாம். முதல் தபாலை இந்த வாரமே போடுங்கள். விசாரணைக்கு அசலை எடுத்துப் போங்கள், கொடுப்பது நகலாக இருக்கட்டும், நோட்டை மட்டும் யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.