பத்திரத்தில் 40.11 அடி, அளந்தால் 12.47 மீட்டர். எது சரி?

தென்வடல்:
வணக்கம். அப்பா 1984-ல் வாங்கிய மனை. பத்திரத்தில் கிழமேலடி 40.11, தென்வடலடி 60 என்று இருக்கிறது. சுற்றுச்சுவரை இடித்துக் கட்டப்போகிறோம் என்பதால் சர்வேயரை வைத்து அளந்தோம். பழைய அஸ்திவாரப்படி கிழமேல் 12.47 மீட்டர் வருகிறது. போனில் 40.11 அடியைப் போட்டால் 12.23 மீட்டர்தான் காட்டுகிறது. 24 செ.மீ. கூடுதல். பக்கத்து வீட்டு மாமா இடத்திலா இத்தனை வருடம் சுவர் வைத்திருந்தோம்? இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நாளை மறுநாள் கொத்தனார் வருகிறார், யாராவது சொல்லுங்கள்.

தூக்குக்குண்டு:
தம்பி, பயப்பட வேண்டாம். அது தசமப் புள்ளி இல்லை. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் 40 அடி 11 இன்ச் என்பதைத்தான் 40.11 என்று எழுதுவார்கள். போனுக்கு அது தெரியாது. இப்படிப் போடுங்கள்: 40 × 30.48 = 1219.2. 11 × 2.54 = 27.94. கூட்டினால் 1247.14 செ.மீ., அதாவது 12.47 மீட்டர். உங்கள் சர்வேயர் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். பத்திரத்தில் மொத்தம் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். இன்ச் என்றால் 2455 வரும். தசமம் என்றால் 2406 சொச்சம்.

தென்வடல்:
2455 என்றுதான் இருக்கிறது அண்ணா! இப்போதுதான் மூச்சு வந்தது. இன்னொன்று, பழைய புலப்பட (சர்வே வரைபட) நகலில் அதே கிழமேல் அளவுக்கு வெறும் 62 என்று எழுதியிருக்கிறது. அது என்ன கணக்கு?

பழையசங்கிலி:
அது லிங்க்ஸ், அதாவது நிலம் அளக்கும் சங்கிலியின் கண்ணிகள். 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி, ஒரு கண்ணி 7.92 இன்ச். 62-ஐ 0.66 ஆல் பெருக்குங்கள், 40.92 அடி. இது நிஜமான தசமம், கவனம்! .92-ஐ 12 ஆல் பெருக்கினால் 11 இன்ச். பத்திரமும் புலப்படமும் ஒன்றையேதான் சொல்கின்றன.

தூக்குக்குண்டு:
அருமை ஐயா, எனக்கு அது தோன்றவில்லை. தம்பி, அளவுகளை எக்செலில் ஏற்றாதீர்கள். 40.10 என்று அடித்தால் அது 40.1 ஆகிவிடும், 10 இன்ச் 1 இன்ச்சாகிப் போகும். ஒரு வீட்டு வரைபடத்தில் இதனால் ஒரு அறையே முக்கால் அடி சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். அடியை ஒரு கட்டத்திலும் இன்ச்சை அடுத்த கட்டத்திலும் போடுங்கள். அடியை மீட்டராக்க 3.28 ஆல் வகுப்பதும் வேண்டாம், ஓர் அடி சரியாக 0.3048 மீட்டர்.

தென்வடல்:
சரி அண்ணா. மாமாவையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். டேப்பில் அடி, இன்ச் குறித்த பக்கத்தை வைத்து இருவருமாக அளந்தோம், 40 அடி 11 இன்ச். கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன்.