புதுப்பிப்பு: கிளாரினெட் ரீட் ட்ரிம்மர், எதை வாங்குவது?

கிளாரினெட்டில் ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் நாக்குத்தான் ரீட். அது தளர்ந்துபோனால் நுனியை வெட்டி இறுக்கும் கருவி ட்ரிம்மர். எந்த ட்ரிம்மர் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன்; இப்போது அறிந்தது இது. பி-பிளாட் கிளாரினெட்டுக்கென்றே (வழமையான வகை) செய்ததை வாங்குங்கோ. சாக்சபோனுக்கானது அகலத்திலேயே பொருந்தாது. முக்கியம் வெட்டின் வளைவு. பழைய ரீட் ஒன்றை வெட்டி, மவுத்பீஸ் (ரீட்டைப் பொருத்தி வாயில் வைத்து ஊதும் பகுதி) நுனியோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கோ. ஒத்துவராவிட்டால் விலை மலிவென்றாலும் வேண்டாம்.

ஒரு தரத்துக்கு 0.1 மில்லிமீற்றர் காணும். வெட்டி, ஊதிப் பார்த்துத்தான் அடுத்த வெட்டு. கூடிப்போனால் ரீட் இறுகி, நாதத்தோடு காற்றிரைச்சலும் வரும். யாழ்ப்பாண வெயிலில் காய்ந்த ரீட்டின் நுனி நெளிந்திருக்கும்; அப்படியே வெட்டினால் கோணும். நனைத்து, கண்ணாடியில் அழுத்தித் தட்டையாக்கிய பிறகு வெட்டுங்கோ. நார் பிசிறினால் பிளேடு மழுங்கியிருக்கிறது.

நாதஸ்வரக்காரரும் கேட்டிருந்தார்கள்: நாதஸ்வரத்தின் ரீட்டான சீவாளிக்கு இது சரிவராது, அது இரட்டை நாக்கு.