300 அடியில் நின்றுபோன இன்ஜின்

என் அக்கா மகனுக்கு நடந்தது இது. காட்பாடிப் பையன், வெளிமாநிலத்தில் பைலட் பயிற்சியில் இருந்தான். இன்ஸ்ட்ரக்டரோடு செஸ்னா 152-ல் கிளம்பியிருக்கிறான். இரண்டு சீட், ஒற்றை இன்ஜின். சுமார் 300 அடி ஏறியதும் இன்ஜின் இரண்டு தரம் திணறி நின்றேவிட்டது.

"ஓடுபாதை பின்னாடிதானே இருக்கு, திரும்பி வந்து இறங்கியிருக்கலாமே?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டி விளக்கினான். அரைவட்டம் அடித்தால் போதாதாம். ஓடுபாதைக்கு நேராக வர அதற்கு மேலும் வளைய வேண்டும், அதற்குள் உயரம் தீர்ந்துவிடும். அதோடு சாய்ந்து திரும்பும் விமானம் விழாமல் இருக்க வேகம் கூடுதலாக வேண்டும். 45 டிகிரி சாய்வுக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இன்ஜின் நின்றபின் அது எங்கிருந்து வரும்? இப்படித் திரும்பப் பார்த்து, ஒரு பக்கமாகக் கவிழ்ந்து உயிரை விட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

வேகம் குறைந்துவிடாமல் இருக்க இன்ஸ்ட்ரக்டர் உடனே விமானத்தின் மூக்கைக் கீழே இறக்கினார். தரை நெருங்கி வரும்போது கை தானாக மூக்கைத் தூக்கத்தான் போகுமாம். அதை அடக்குவதுதான் பெரிய கஷ்டம் என்கிறான். 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) வேகத்தை விடாமல் பிடித்து, பெட்ரோலை மூடி, இடிபாட்டில் கதவு மாட்டிக்கொள்ளாதபடி முன்பே திறந்துவைத்து, எதிரே இருந்த அறுவடை முடிந்த கொல்லையில் இறக்கிவிட்டார். முன்சக்கரம் மண்ணில் புதைந்து முறிந்தது. இருவருக்கும் பெல்ட் அழுத்திய தோள்வலி மட்டும். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

காரணம், டாங்க்கில் தண்ணீர். முதல் நாள் இரவு நல்ல மழை. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது. கிளம்புமுன் இறக்கையின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார்கள். விமானப் பெட்ரோல் வெளிர்நீலம். தண்ணீர் இருந்தால் நிறமில்லாத குமிழாக அடியில் தங்கும். அன்று ஒரு பக்கம் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் லீவில் வந்தவனோடு பள்ளிகொண்டா போகும் வழியில் வேலூருக்கான அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டைப் பார்த்தோம். "இந்த ரெண்டு முனைக்கும் நேரா என்ன இருக்கு மாமா?" என்றுதான் முதலில் கேட்டான். சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்த இடம் அது. சுற்றிலும் மனை போடுகிறவர்கள் அந்த இரண்டு பக்கத்து நிலத்தையாவது காலியாக விடட்டும். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் இப்போது அங்கே என்ன நிலைமை என்று எழுதுங்கள்.